சாட்சி ரூபாயும் ஈரத் துடுப்பும்

நம் ஹாலோகிராம் மாஸ்டர் ரூமில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் ஸ்டெல்லா அக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்று தெரிந்தேதான் கேட்டீர்கள். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

படம் பதிகிற கண்ணாடிப் பிளேட்டை எப்படிக் கழுவுவது, லேசரை எந்தக் கோணத்தில் வைப்பது, எத்தனை விநாடி என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. அதை நான் திருப்பிச் சொன்னால் எனக்கும் தூக்கம் வரும், உங்களுக்கும் வரும். நான் சொல்லப் போவது வேறு. கையில் இருப்பது கடைசிப் பிளேட், எதிரே ஒருத்தி நம்பி உட்கார்ந்திருக்கிறாள். அப்போது நம் புத்தி எங்கே போகிறது? என் புத்தி நேராகப் பக்கத்து ஐஸ் ஃபேக்டரிக்குச் சண்டை போடப் போனது. அதைத்தான் எழுதுகிறேன்.

ரிட்டயர் ஆனதும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ராயபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்னறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்தேன். தரையின் அதிர்வு மேலே ஏறாமலிருக்கக் காற்றடைத்த ஸ்கூட்டர் டியூப் நாலு, அதன்மேல் மணல் தொட்டி, மணலின்மேல் ஒரு கடப்பாக் கல். அந்தக் கல்லின் மேல்தான் லேசரும் பொருளும் பிளேட்டும். என் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "இன்னா ஸ்டெல்லா, இப்பவே கல்லறை கட்டி வெச்சிகினியா?" என்றார். சிரிக்கட்டும். அந்தக் கல் என் பெருமை.

ஏன் பெருமை என்று புதியவர்களுக்குச் சொல்ல வேண்டும். லேசர் வெளிச்சம் பொருளின்மேல் பட்டுப் பிளேட்டில் பதிகிற அந்தச் சில விநாடிகள், பொருள் அசையவே கூடாது. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலும் போச்சு. சாதாரண போட்டோவைப் போல மங்கலாகக்கூட விழாது. அசைந்த பொருள் இருந்த இடத்தில் அதன் வடிவத்தில் இருட்டுதான் இருக்கும். எங்கள் தெருவிலோ ஒரு பக்கம் ஹார்பர் லாரி, ஒரு பக்கம் ரயில், சுவரை ஒட்டி ஐஸ் ஃபேக்டரி. ஹாலோகிராம் எடுக்க ஆகவே ஆகாத இடம் என்று ஒன்று உண்டென்றால் அது எங்கள் தெருதான். அங்கேயே நான் சங்கு எடுத்தேன், அந்தோனியார் சுரூபம் எடுத்தேன், பேத்தியின் பொம்மைக் கார் எடுத்தேன். எல்லாம் முன்னறைச் சுவரில் மாட்டியிருந்தன.

அந்தச் சங்கைப் பார்த்துத்தான் தேசம்மா கேட்டாள். காத்திவாக்கத்துக்காரி. எண்ணூர் கழிவெளியில் பிடித்த இறாலைக் கூடையில் எடுத்துக்கொண்டு வாரத்தில் சில நாள் எங்கள் தெருவுக்கு வருவாள். முதல் தடவை பார்த்தபோது கூடையை இறக்கிவிட்டு, பிளேட்டுக்குப் பின்னால் தலையை விட்டுத் தேடினாள்.

"இன்னாக்கா இது? முன்னாடி பாத்தா சங்கு கீது, பின்னாடி பாத்தா செவுரு கீது!"

ஒரு திங்கட்கிழமை கூடை இல்லாமல் வந்தாள். கையில் பழைய துண்டில் சுற்றிய ஒன்று. பிரித்தாள். ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து எடுத்த துடுப்புப் பிடி. அவள் புருஷன் கழிவெளியில் முப்பது வருஷம் பிடித்து வலித்த துடுப்பு அது. அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பிடியில் கட்டைவிரல் அழுந்தி அழுந்தி மரம் குழிந்து, பளபளவென்று தேய்ந்திருந்தது.

"பெரியவன் புதுசா ஃபைபர் படகு கட்றான்கா. ஞாயித்துக்கெழம காலைல முன்மூக்குல ரெசின் ஊத்துறாங்கோ. எங்க வூட்டுப் பழக்கம், பழைய படகு மரம் ஒரு துண்டு புது படகுக்குள்ள போவணும். அப்பன் துடுப்பத்தான் வெப்பேன்னு நிக்கிறான். கடலுக்குப் போற புள்ள, வோணாம்னு நான் எப்டிச் சொல்வேன்? ஆனா குடுக்க மனசே வரலக்கா. உள்ள போயிடுச்சின்னா அப்புறம் எப்பயுமே பாக்க முடியாது."

"போன்ல போட்டோ எட்த்து வெச்சிக்கிறதுதானே?"

"எட்த்தேன். போட்டோல இந்தக் குழி எங்க தெரியுது? கறை மாதிரி கீது. உன் கண்ணாடில அந்தச் சங்கு வாய்க்குள்ள எட்டிப் பாத்தனே, அது மாதிரி வோணும். அந்தாளு வெரல் வெச்ச எடம் எனக்குத் தெரியணும்."

எனக்கு மனசு இளகிவிட்டது. இளகிய மனசோடு வாக்குக் கொடுக்கக் கூடாது என்று இப்போது சொல்வேன். அன்று, "இதெல்லாம் ஒரு வேலையா? சனிக்கிழம வந்து வாங்கிக்க," என்றேன். கையில் மூன்று பிளேட் இருந்தது. வெளிநாட்டிலிருந்து அடுத்த பெட்டி வர ஒரு மாதம் ஆகும். மூன்று எதற்கு, ஒன்று போதும் என்று நினைத்தேன். அவ்வளவு தலைக்கனம்.

அன்று பிடியைக் கையோடு எடுத்துப் போனவள், செவ்வாய்க்கிழமை காலையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வியாபாரத்துக்குப் போனாள். மத்தியானம் எடுத்தேன். பழக்கத்தில் பிடிக்குப் பக்கத்தில் கல்லின்மேல் ஒரு ரூபாய்க் காசையும் ஒட்டி வைத்தேன். பிளேட்டைக் கழுவி, காயவைத்து, விளக்கில் பிடித்தேன். துடுப்புப் பிடி இருந்த இடத்தில் துடுப்புப் பிடி வடிவத்தில் இருட்டு.

எடுத்தபோது ஓடிய ஐஸ் உடைக்கிற மிஷின் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னும் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வந்ததே ஒரு கோபம்! பிளேட்டை அலமாரியில் வீசிவிட்டுச் செருப்புகூட மாட்டாமல் போனேன். அங்கே ஷிஃப்டைப் பார்த்துக்கொள்கிறவர் காதர் பாய். இருபது வருஷமாகத் தெரிந்தவர். அவரிடம் போய் வாய்க்கு வந்ததைப் பேசினேன். உன் மிஷினால் ஒரு பொம்பளையின் ஆசை மண்ணாப் போச்சு என்றேன். அவர் ஒரு ஐஸ் பாரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"இன்னாம்மா, நேத்து வரைக்கும் ஓடின மிஷின்தானே? சங்கு எட்த்தப்பயும் ஓடிச்சி, அந்தோனியார எட்த்தப்பயும் ஓடிச்சி."

கவனியுங்கள் பிள்ளைகளே. விடையை அந்த மனிதர் செவ்வாய்க்கிழமையே என் கையில் கொடுத்துவிட்டார். நான் வாங்கினேனா? இல்லை. "அதெல்லாம் எனக்குத் தெரியாது, நாளைக்குப் பன்னெண்டு மணிக்குப் பத்து நிமிஷம் நிறுத்து," என்றேன்.

நிறுத்தினார். புதன்கிழமை மத்தியானம் மீன் ஏற்றிய வேன் ஐஸுக்குக் காத்து நிற்க, மிஷினை நிறுத்தினார். அது மட்டுமா? ஸ்டெல்லாம்மா வீட்டில் ஏதோ எடுக்கிறார்களாம் என்று தெருவே சேர்ந்துகொண்டது. ஆட்டோக்காரர்கள் தெருமுனையில் வண்டியைக் குறுக்கே போட்டு எல்லாரையும் மடக்கினார்கள். மாவு மிஷின்காரர் ஸ்விட்சை அணைத்தார். என் ஆயுளில் எங்கள் தெரு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். கழுவினேன். விளக்கில் பிடித்தேன்.

மறுபடியும் இருட்டு.

வெளியே வந்தால் தெருவே வாசலில் நிற்கிறது. "வந்துச்சாக்கா?" என்று கேட்கிறார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? இத்தனை வருஷ சர்வீஸ், மாஸ்டர் ரூமில் ஸ்டெல்லா கை வைத்தால் தப்பாது என்று பேர். தலைவலிக்கிறது என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன். வெட்கத்தில் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது?

வியாழக்கிழமை தேசம்மா வந்தாள். இரண்டு பிளேட் போய்விட்டது, மிச்சம் ஒன்றுதான் என்று உண்மையைச் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ இரண்டாவது பிளேட்டை வாங்கி, விளக்குக்கு நேரே இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள்.

"ஏன்கா, காசு மட்டும் நல்லா கீதே? எட்த்துக்கலாம் போல கீது."

பிளேட்டை அவள் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தேன். அந்தக் காசுக்கு நம் ரூமில் என்ன பேர்? சாட்சி. எதற்காக வைக்கிறோம்? மேசை ஆடியிருந்தால் காசும் சேர்ந்து ஆடியிருக்கும், காசும் இருட்டாகியிருக்கும். காசு பளிச்சென்று விழுந்து பொருள் மட்டும் இருட்டானால், ஆடியது மேசை இல்லை, பொருள். சேர்ந்த முதல் வாரம் இதைத்தான் கற்றுக்கொள்கிறோம். நான் எத்தனையோ பேருக்குச் சொன்ன பாடம். ஓடிப்போய் அலமாரியிலிருந்து முதல் பிளேட்டை எடுத்தேன். அதிலும் காசு பளபளவென்று உட்கார்ந்திருந்தது. மிஷின் தடதடத்த நேரத்தில் எடுத்த பிளேட்! சாட்சியைக் கூண்டில் ஏற்றிவிட்டு, அது சொன்னதைக் கேட்காமலே காதர் பாய்க்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

"தேசம்மா, இந்த மரத்த தெனம் இன்னா பண்ற?"

"ஒண்ணும் பண்றதில்லயே. காலைல உப்புத் தண்ணி பானைல ஊற வெச்சி எடுப்பேன். அந்தாளு அப்டித்தான் வெச்சிருந்தாரு. காய வுட்டா துடுப்பு வெடிச்சிடும்பாரு."

"எங்கிட்ட குடுத்த அன்னிக்குமா?"

"ஆமா. நல்லா தொடச்சித்தான்கா குடுத்தேன்."

மேலே தொட்டால் ஈரமே தெரியாது. உள்ளே முழுக்க ஈரம். கல்லின்மேல் வைத்த நிமிஷத்திலிருந்து அந்த மரம் காய்ந்து, சுருங்கி, நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. வெளியிலிருந்து ஒரு பொருள் வந்தால், இது எங்கே இருந்தது, எப்படி வைத்திருந்தீர்கள் என்று கேட்டு எழுத ஒரு ஃபாரமே ஆபீஸில் உண்டு. வீட்டில் ஏது ஃபாரம்? கேட்கவே இல்லை. புருஷனின் மரம் வெடிக்கக் கூடாது என்று அவள் பார்த்துப் பார்த்துச் செய்த பக்குவம்தான் இரண்டு பிளேட்டையும் இருட்டாக்கியது. அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சொன்னேன். சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவள் முகம் சுண்டிவிட்டது. "அப்ப காய வெச்சிடலாம்கா. வெயில்ல போடு."

"வெயில்ல போட்டா வெடிக்கும். நீதான சொன்ன?"

"வெடிச்சாலும் பரவால்ல..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. பிடியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

எனக்கும் ஒரு நிமிஷம் ஆசை வந்தது. ஃபேன் போட்டு, பல்பு போட்டு, இரண்டு நாளில் காயவைத்துவிடலாமே என்று. வேண்டாம் என்று முடிவு செய்தேன். நம் பிளேட்டுக்காக அடுத்தவர் பொருளைப் பலி கொடுக்கிற உரிமை நமக்குக் கிடையாது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை ஒரு பிள்ளையின் படகுக்குள் போக வேண்டிய பொருள். இது முடிவான பிறகுதான் புத்தி வேறு பக்கம் வேலை செய்தது.

எங்கள் தெருவில் சுரூபம் செய்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவர் பட்டறை வாசலில் மாதாவின் முக அச்சு சாய்த்து வைத்திருக்கும். அச்சு என்றால் உள்பக்கம் குழிந்தது, மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம். ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் முகம் வெளியே புடைத்து நிற்பதுபோல இருக்கும். நடந்தால் நம் கூடவே திரும்பும். அது ஞாபகம் வந்தது. கூடவே என் பழைய அவமானம் ஒன்றும் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மான் தலைப் பிளேட்டை முன்பின் மாற்றி ஃபிரேமில் மாட்டிவிட்டேன். பிளேட்டைத் திருப்பினால் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும், உருவம் கண்ணாடிக்கு முன்னால் காற்றில் வந்து நிற்கும். வாங்க வந்த பார்ட்டிக்குக் காட்டும்போது மானின் மூக்கு மண்டைக்குள் போயிருந்தது. எங்கள் மாஸ்டர் எல்லார் முன்னாலும், "ஸ்டெல்லா மானுக்கு ஜலதோஷம், மூக்க உள்ள இழுத்துகிச்சி," என்றார். அன்று முழுக்க பாத்ரூமில் அழுதேன்.

மரத்தை எடுக்க முடியாது. மரத்துக்கு அச்சு எடுக்கலாம். அச்சில் விரல் குழி மேடாக இருக்கும். அந்த அச்சைப் பிளேட்டில் எடுத்து, பிளேட்டைத் திருப்பினால்? மேடு மறுபடியும் குழியாகிவிடும்.

"தேசம்மா, எழுந்துரு!" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பிடியில் தேங்காய் எண்ணெய் தடவி, கட்டைவிரல் பக்கத்தைப் பிளாஸ்டர் மாவுக் குழம்பில் அழுத்தினார் சுரூபக்காரர். ஈரமான மரத்துக்கு அது ஒன்றும் செய்யாது என்று முதலிலேயே இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். இந்த முறை கேட்டேன். அரை மணியில் இறுகியது. பிடியைத் துடைத்து அவள் மடியிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அச்சைத்தான் இரண்டு நாள் பல்புக்கு அடியில் நன்றாகக் காயவைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம். கடைசிப் பிளேட். சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மீன் வியாபாரத்துக்கு முதல் நாள், சும்மாவா ஓடும்? தரை காலுக்கடியில் அதிர்கிறது. என் உயிரும் அதிர்கிறது. பாயிடம் ஒரு வார்த்தை கேட்டால் நிறுத்திவிடுவார், அது எனக்குத் தெரியும். வாசல் வரை போய்விட்டேன். அப்புறம் நின்றேன். மிஷின் ஓடும்போதும் காசு பளிச்சென்று விழுந்தது. மிஷின் குற்றவாளி இல்லை என்று சாட்சி இரண்டு தடவை சொல்லியாயிற்று. இப்போது போய் நிறுத்தச் சொன்னால், அது என் பயத்துக்காகத்தான். என் பயத்துக்கு வேன்காரன் வெயிலில் ஏன் நிற்க வேண்டும்? திரும்பி உள்ளே வந்து, அந்தத் தடதடப்பிலேயே எடுத்தேன்.

பயம் போகவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். பயம் போன பிறகு முடிவெடுக்கலாம் என்று காத்திருந்தால் எந்தப் பிளேட்டும் ஆகாது.

கழுவி எடுத்ததும் முதலில் காசைப் பார்த்தேன். இருந்தது. பிறகுதான் அச்சைப் பார்த்தேன். அதுவும் இருந்தது. பிளேட்டைத் திருப்பினேன். அப்புறம் என்ன செய்தேன் தெரியுமா? நேராக ஐஸ் ஃபேக்டரிக்குப் போய், எல்லா ஆட்களும் கேட்கிற மாதிரி, "பாய், தப்பு உன் மிஷின் மேல இல்ல, என் மேல," என்றேன். அவர், "அட வுடும்மா, அந்தப் பத்து நிமிஷம் நானும் உக்காந்து டீ குடிச்சேன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை காத்திவாக்கம் போனேன். கரையில் புதுப் படகு. முன்மூக்கில் ஒரு சாண் நீளத்துக்குக் குழி விட்டிருந்தார்கள். பிள்ளை ரெசின் டப்பாவோடு காத்திருந்தான். தேசம்மா துண்டைப் பிரிக்காமல் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். "கலக்கினா இறுகிடும்மா, குடு," என்று அவன் கெஞ்சிக்கொண்டிருந்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று பிளேட்டைப் பிடித்தேன். சிவப்பு லேசரில் எடுத்தது, கழுவிக் காய்ந்ததில் தேன் நிறத்துக்கு மாறியிருந்தது. கண்ணாடிக்கு முன்னால், காற்றில், துடுப்புப் பிடி நின்றது. அதில் அந்தக் குழி. அவள் தலையைச் சாய்க்கச் சாய்க்க, குழிக்குள் வெளிச்சம் இடம் மாறியது.

தேசம்மா துண்டைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டாள். கொடுத்ததை அவள் கவனித்தாளா என்றே தெரியவில்லை. வலது கையை நீட்டி, நிழல் விழாமல் பக்கவாட்டில் கொண்டுபோய், கட்டைவிரலை அந்தக் குழியில் வைத்தாள். தொட அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் விரல் சரியாக அந்த இடத்தில் நின்றது.

"அந்தாளு வெரலு பெருசுக்கா," என்றாள். "என்து உள்ள போயி இன்னும் எடம் கீது."

கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் தன் பாட்டுக்கு வழிந்தது, துடைக்கவில்லை. பிறகு விரலை எடுக்காமலே பிள்ளையைப் பார்த்துத் திரும்பினாள்.

"இன்னாடா பாத்துகினு நிக்கற? ஊத்து."